உப்புத் தின்னாத மகன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகாபாரதத்தில் துரோண பர்வத்தை இப்போதுதான் படித்து முடித்தேன். பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோத்கஜன் விழும் இடத்துக்கு அப்புறம் இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவே இல்லை. இவனுடைய தாய்மாமன் இடும்பனைக் கொன்றவன் பீமன். இவன் தாயை மணந்து, பிள்ளை பிறந்ததும் கிளம்பிப் போனவனும் பீமன்தான். அதற்குப் பிறகு வேலை இருக்கும்போதெல்லாம் நினைத்துக் கூப்பிடுகிறார்கள், இவனும் வந்து நிற்கிறான். மலையேற முடியவில்லையா, தூக்கிக்கொண்டு போ. கர்ணனைத் தடுக்க வேண்டுமா, போய்ச் செத்துப்போ. செத்ததும் கண்ணன் ஆடுகிறான்! மற்ற அரக்கர்கள் பழிவாங்கத் துரியோதனன் பக்கம் சேரும்போது இவனுக்கு மட்டும் ஏன் ரத்தம் கொதிக்கவில்லை? இரண்டு பக்கமும் இழுபடும் மனம் இவனுக்குள் இருந்திருக்காதா? வியாசர் அதை ஏன் எழுதவில்லை? இல்லை, இவன் வெறும் அடியாள்தானா?

ச.

அன்புள்ள ச.,

அடியாள் என்றால் கூலி இருக்க வேண்டும். கடோத்கஜனுக்கு என்ன கிடைத்தது? பாண்டவர்கள் கொடுத்த நாடு இல்லை, பட்டம் இல்லை, இந்திரப்பிரஸ்தத்தில் தங்க ஒரு இடம்கூட இல்லை. ஆகவே அடியாள் இல்லை. ஆனால் அதோடு உங்கள் கேள்வி தீர்ந்துவிடவில்லை, இன்னும் சிக்கலாகிறது.

விசுவாசம் என்றாலே நம் மனம் செஞ்சோற்றுக் கடனுக்குத்தான் போகும். கம்பனில் தம்பி வீடணன் வந்து கூப்பிடும்போது கும்பகர்ணன் சொல்வது அதுதான். நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்துவிட்டவனுக்கு 'உயிர் கொடாது அங்குப் போகேன்' என்கிறான். கர்ணன் கணக்கும் அதே கணக்கு. இருவரும் ஒருவன் சோற்றைத் தின்றார்கள், கடைசியில் உயிரால் அடைத்தார்கள். கடோத்கஜன் பாண்டவர் வீட்டு உப்பைத் தின்றவனே இல்லை. பீமன் அவனைத் தோளில் போட்டு வளர்க்கவில்லை, வளர்க்கும்படி அவன் குழந்தையாக இருந்ததும் இல்லை. அரக்கியர் கருவுற்ற உடனே பெற்றுவிடுவார்கள், பிறந்த பிள்ளை உடனே வாலிபனாகிவிடும் என்கிறது ஆதி பர்வம். அந்தக் கல்யாணமே நிபந்தனையோடு நடந்ததுதான். பகலெல்லாம் பீமன் உன்னோடு இருக்கலாம், இருட்டுவதற்குள் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும் என்பது தருமர் போட்ட விதி. பிள்ளை பிறக்கும் வரைதான் என்பது பீமன் போட்டது.

ஆனால் பிரியும் இடத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். குந்தி பேரனைக் கூப்பிட்டு, நீ குரு குலத்தில் பிறந்தவன், எனக்கு பீமனைப் போன்றவன், இந்த ஐவருக்கும் மூத்த பிள்ளை, இவர்களுக்குத் துணையாக இரு என்கிறாள். அவன் கட்டிப்பிடித்து அழவில்லை, உங்களோடு வருகிறேன் என்று நிற்கவும் இல்லை. காரியம் வரும்போது தந்தையரிடம் வந்து நிற்பேன் என்று சொல்லிவிட்டு வடக்கே போய்விடுகிறான். பீமன் விட்டுவிட்டுப் போனதாக நீங்கள் எழுதுகிறீர்கள், அது சரிதான். இவனும் போனான் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'தந்தையர்' என்று பன்மையில் சொல்கிறான், ஆனால் தந்தையரின் வீட்டில் வாழக் கேட்கவே இல்லை, கடைசி வரை.

வன பர்வத்தில் வருகிறவனும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் வேலைக்காரன் மாதிரி இல்லை. கந்தமாதனம் போகும் வழியில் பாஞ்சாலி மயங்கி விழுகிறாள். பீமன் நினைக்கிறான், மகன் வந்து நிற்கிறான். நான் ஒருவனே தருமரையும் புரோகிதர் தௌமியரையும் திரௌபதியையும் இரட்டையரையும் சுமந்துவிடுவேன், கூட ஆட்களும் இருக்கும்போது என்ன என்கிறான். தன் கூட்டத்தைக் கூட்டிவந்த ஒரு தலைவன் பேசும் பேச்சு அது. திரௌபதியைத் தானே சுமக்கிறான், மற்றவர்களை அவன் ஆட்கள் சுமக்கிறார்கள். அப்பா பிள்ளையைச் சுமந்ததே இல்லாத இடத்தில் பிள்ளை அப்பா வீட்டாரைச் சுமக்கிறான் என்று இதைப் படித்து நீங்கள் கோபப்படலாம். எனக்கு அந்தக் காட்சியில் தெரிவது பெரும்பாலும் அவனுடைய பெருமிதம்.

இழுபறியை வியாசர் எழுதவில்லை என்கிறீர்கள். எழுதியிருக்கிறார். அவன் மனதுக்குள் வைக்காமல் எதிரே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். அந்த இரவில் அலாயுதன் என்ற அரக்கன் துரியோதனனிடம் வந்து நிற்பது நினைவிருக்கிறதா? இடும்பனையும் பகனையும் கிர்மீரனையும் கொன்றவன் பீமன், எங்கள் குலத்துப் பெண் இடும்பியைக் கெடுத்தவன், அவனை என்னிடம் விடு என்கிறான். நீங்கள் கடோத்கஜனுக்குள் தேடும் அத்தனை நியாயமும் வரிசை தப்பாமல் அலாயுதன் வாயில் இருக்கிறது. மாமனுக்குப் பழி, தாய்க்கு நேர்ந்த அவமானம், குலத்தின் கணக்கு எல்லாம். அவன் பீமனை நெருக்கி, பீமன் திணறும்போது, கண்ணன் சொல்லி, கர்ணனோடு நடக்கும் சண்டையை அப்படியே விட்டுவிட்டு வந்து கடோத்கஜன் அவனைக் கொல்கிறான். அறுத்த தலையைத் துரியோதனன் முன்னால் எறிகிறான். அதே இரவில் அதற்கு முன்பே, காட்டில் பீமன் கையால் செத்த ஜடாசுரனின் மகனும் பழி தீர்க்க வந்து இவன் கையால் செத்தான். அந்தத் தலையும் துரியோதனன் தேரில்தான் போய் விழுந்தது.

ஒரே இரவில் இரண்டு முறை, தானாக ஆகியிருக்கக்கூடிய ஒருவனை எதிரே பார்த்துக் கொல்கிறான் இந்தப் பிள்ளை. வாயைத் திறந்து ஒரு புலம்பல் இல்லை. இதைவிட எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, அப்படியென்றால் தாய் வழியை முழுக்க உதறிவிட்டானா? அதுவும் இல்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கர்ணனை எதிர்க்க அனுப்பும்போது கண்ணன் 'இடும்பியின் மகனே' என்றுதான் கூப்பிடுகிறான். துன்பத்திலிருந்து நம்மைக் கரையேற்றுவான் என்றுதானே மனிதர்கள் பிள்ளை வேண்டும் என்கிறார்கள், உன் உறவினரைக் கரையேற்று என்கிறான். கண்ணனுக்குத் தெரியாத சாமர்த்தியமா, அரக்கியின் மகன் என்று அழைத்து மனிதர்களின் ஆசையைச் சொல்லி வேலை வாங்குகிறான். அதற்கு இவன் சொல்லும் பதில் பாண்டவர் பக்கத்தில் வேறு எவனும் சொல்லாதது. இன்றைய போரை உலகம் உள்ளவரை பேசுவார்கள். வீரனையும் விடமாட்டேன், பயந்தவனையும் விடமாட்டேன், கைகூப்பி நிற்பவனையும் விடமாட்டேன். அரக்கர் தர்மத்தில் நின்று எல்லோரையும் கொல்வேன்.

தகப்பனுக்காகப் போகிறான், தகப்பனின் தர்மப்படி போகவில்லை. கைகூப்பியவனை விட வேண்டும் என்பது தருமர் வீட்டு விதி. அது தனக்கில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறான். உடம்பைத் தந்தையருக்குக் கொடுத்தான், தான் எந்தக் குலம் என்பதைக் கொடுக்கவில்லை. இரண்டு விசுவாசமும் அவனிடம் இருந்தது, இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை. இழுபறி என்றால் கண்ணீரும் தவிப்பும் இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம், கர்ணன் நம்மை அப்படிப் பழக்கிவிட்டான்.

கர்ணனுக்குத் தவிப்பு வந்ததற்கும் காரணம் உண்டு. உத்தியோக பர்வத்தில் கண்ணன் போய்ப் பேசுகிறான், குந்தி போய்ப் பேசுகிறாள். இந்தப் பக்கம் வா, நீதான் மூத்தவன் என்று அவனுக்கு ஒரு கதவு திறக்கப்படுகிறது. கடோத்கஜனிடம் யாரும் போய் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. துரியோதனன்கூட முயன்று பார்க்கவில்லை. பீமனின் மகன் வருவான் என்று இரு தரப்பும் எடுத்துக்கொண்டன. அந்த மனிதக் கூட்டம் அவனுக்குச் செய்த பெரிய அநியாயம் அனுப்பிச் சாகடித்ததுகூட இல்லை, அவனிடம் கேட்கவே இல்லை என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். இன்னொன்று, ஒருவர் வந்து கேட்ட கர்ணனும் யாரும் கேட்காத கடோத்கஜனும் அந்த இரவில் மோதும்போது அது பெரியப்பனும் மகனும் மோதும் சண்டை. கர்ணனுக்கு அது தெரியும், கடோத்கஜனுக்குத் தெரியாது. குந்திக்கும் தெரியும்.

இனி கண்ணனின் ஆட்டம். இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தைக் கர்ணன் ஒரே முறைதான் எறிய முடியும். அர்ஜுனனுக்காக வைத்திருந்ததை இவன் மேல் எறிந்துவிட்டான், அர்ஜுனன் பிழைத்தான், அதனால் மகிழ்ச்சி. இது வரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு அடுத்து கண்ணன் சொல்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கர்ணன் கொன்றிருக்காவிட்டால் நானே இவனைக் கொல்ல வேண்டியிருந்திருக்கும், வேள்விகளையும் அந்தணரையும் பகைப்பவன் இவன், உங்கள் நன்மைக்காகத்தான் இதுவரை விட்டுவைத்தேன் என்கிறான். மேடையிலும் திரையிலும் கண்ணன் கண்ணைத் துடைத்துக்கொள்வது போலக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வாக்கியத்தை மழுப்பாமல் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். யாருக்காக உயிரை விட்டானோ அந்தப் பக்கத்தில் அவனைப் பற்றி இரண்டு மனம் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. நீங்கள் தேடிய இழுபறி அங்கே இருக்கிறது, ச.

தருமர் உடைந்துபோகிறார். சகதேவன் மேல் எனக்கு இயல்பாக உள்ள அன்பைப் போல இரண்டு மடங்கு இவன் மேல் என்று சொல்லி அழுகிறார். இவன் பாஞ்சாலியைச் சுமந்ததை நினைத்துக்கொள்கிறார். அது பொய்யில்லை, கர்ணனைக் கொல்லத் தானே கிளம்பிவிடுகிறார், வியாசர் வந்து தடுக்க வேண்டியிருக்கிறது. பெற்ற தகப்பன்? தருமர் பீமனைப் பார்த்து, எனக்கு மயக்கமாக இருக்கிறது, கௌரவப் படையை நீ தடு என்கிறார். மகனை இழந்தவனிடம் சண்டையைத் தொடரச் சொல்லிவிட்டுப் பெரியப்பன் தேரில் உட்கார்ந்து அழுகிறார். அபிமன்யு செத்த அன்று அர்ஜுனன் ஜயத்ரதனைக் கொல்வதாகச் சபதம் செய்தான், மறுநாள் போரே அந்தச் சபதத்தைச் சுற்றித்தான் நடந்தது. துச்சாதனன் மார்புக்கும் துரியோதனன் தொடைக்கும் சபதம் போட்ட பீமனிடம், சொந்த மகனுக்காக ஒரு சபதம் இல்லை. அவன் உள்ளே என்ன நடந்தது என்று வியாசர் காட்டவில்லை. பாசமில்லை என்று முடிவு கட்டவும் நான் தயாராக இல்லை.

ஒரு சின்ன விலகல். நம் பக்கத்து மறுசொல்லல்களில் இவன் பெரும்பாலும் தின்று சிரிக்கும் பேருருவம். ஜாவாவின் தோல்பாவைக் கூத்தில் அப்படியில்லை, தாய் வழி வந்த நாட்டுக்கு ராஜா, வானத்தில் பறக்கும் நாயகன். இந்தோனேசியா தானே வடிவமைத்து 1995-ல் முதன்முதலில் பறக்கவிட்ட பயணிகள் விமானத்தின் முதல் மாதிரிக்கு அவன் பெயரைத்தான் வைத்தார்கள். அர்ஜுனன் பெயரை வைக்கவில்லை!

உங்களுக்கு மனம் இழுபடும் கடோத்கஜன்தான் வேண்டும் என்றால் பழைய வடமொழி நாடகாசிரியர் பாசனிடம் போங்கள். 'மத்யம வியாயோகம்' ஒரே அங்கத்தில் முடியும் நாடகம். தாயின் விரதத்துக்கு உணவாக ஒரு மனிதனைப் பிடிக்க வருகிறான் கடோத்கஜன். அந்தணரைத் தொடக்கூடாது என்று எனக்குத் தெரியும், ஆனால் தாய் சொல்லிவிட்டாள், செய்யக்கூடாததைச் செய்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். அவனிடம் சிக்கிய அந்தணரின் மூன்று பிள்ளைகளில் நடுப்பிள்ளை தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பத் தாமதமாக, 'நடுவனே, சீக்கிரம் வா' என்று இவன் கத்த, பாண்டவரில் குந்தி பெற்ற மூவரில் நடுவன் என்பதால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரனான பீமன் வந்து நிற்கிறான். தகப்பன் என்று தெரியாமல் அவனிடமே சொல்கிறான்: என் தகப்பனே வந்து விடு என்று சொன்னாலும் விடமாட்டேன், தாயின் ஆணை. பீமனுக்குக் கோபம் வரவில்லை. தாய் சொல் கேட்டுத்தானே நாங்களும் இந்த நிலைக்கு வந்தோம் என்று தனக்குள் நினைத்துக்கொள்கிறான்.

அந்த நாடகத்தின் முடிவில் ஆளைப் பிடித்துவரச் சொன்ன இடும்பியின் உண்மையான நோக்கம் வேறு என்று தெரியவரும். அதைப் படித்துவிட்டு எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் இடும்பி முழுக்க முழுக்க ஏமாற்றப்பட்டவளாகவே வருகிறாள். அண்ணனுக்கு எதிராகப் பீமனை எச்சரித்தவளும், குந்தியிடம் நேரே போய் இவன்தான் வேண்டும் என்று கேட்டவளும் அவள்தான். அதைப் பற்றி உங்களோடு தனியாக ஒரு வாக்குவாதம் பாக்கி இருக்கிறது.