மொட்டை மாடியில் கிழிந்த கொடி: இறக்கலாமா, எரிக்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இருக்கிறோம். சுதந்திர தினத்துக்கு மாமனார் மொட்டை மாடியில் கட்டிய தேசியக் கொடி கடல் காற்றில் கிழிந்து தொங்குகிறது. இறக்கச் சொன்னால், "ஏத்துன கொடியை இறக்குறது கேவலம்" என்கிறார். எரித்துவிட வேண்டும் என்று சிலரும், எரித்தால் ஜெயில் என்று பக்கத்து வீட்டுக்காரரும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: முதலில் இறக்கிவிடுங்கள். கிழிந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது என்பது 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பிலேயே இருக்கிறது.

மாமனார் சொல்வது வெறும் வீம்பு இல்லை. வடசென்னையில் தெருமுனைக் கட்சிக் கம்பங்களைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்குக் கொடி இறங்கினால் மானம் போன மாதிரிதான். ஆனால் தேசியக் கொடியின் கணக்கு வேறு. வீட்டில் ஏற்றிய கொடி இரவிலும் பறக்கலாம் என்று திருத்தியதே 2022 ஜூலையில்தான். அதுவரை பொழுது சாய்வதற்குள் இறக்குவதுதான் மரியாதையாக இருந்தது. இப்போது ஏற்றியதோடு மறந்துவிடுகிறோம், உப்புக்காற்று தின்றுவிடுகிறது.

நைந்த ஓரத்தை வெட்டி மடித்துத் தைக்கலாமே என்று தோன்றும். கம்பத்துக்கு எதிர்ப்பக்க ஓரம்தான் முதலில் பிரியும். அதை வெட்டினால் 3:2 என்ற நீள அகல விகிதம் கெடும், சக்கரமும் நடுவில் இருக்காது. புதிதாக ஒன்று வாங்கிவிடுவதே மேல்.

அடுத்து எரிப்பது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதிலும் பாதி உண்மை. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது இடத்திலோ பிறர் பார்வையில் படும்படியோ கொடியை எரித்து அவமதித்தால் மூன்று ஆண்டு வரை சிறை. அதே நேரம், பழுதான கொடியைத் தனிமையில், முழுதாக, முடிந்தால் எரித்து அழிக்கும்படி விதித்தொகுப்பு சொல்கிறது. கண்ணியமான வேறு வழியும் சரிதான். துண்டு துண்டாக வெட்டுவதோ குப்பையில் போடுவதோ கூடாது.

உங்கள் மொட்டை மாடி சுற்றியுள்ள பிளாக் ஜன்னல்களுக்கெல்லாம் தெரியும். அங்கே தீ வைத்தால், எதற்கு எரிக்கிறீர்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. செல்போனில் படம் பிடிப்பார்கள். தவிர, 2021 டிசம்பரிலிருந்து பாலியஸ்டர் கொடிக்கும் அனுமதி உண்டு. உங்களுடையது அதுவென்றால் உருகிச் சொட்டும், புகை நாறும், வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். மடித்து ஒரு துணியில் சுற்றி, ஆள் நடமாட்டமில்லாத சொந்த மண்ணில் புதைக்கலாம்.

மடிக்கும் வேலையை மாமனாரிடமே கொடுங்கள். காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, பிறகு சக்கரம் மேலே தெரியும்படி வெள்ளையை மடிக்க வேண்டும். உள்ளங்கைகளில் ஏந்தித்தான் கீழே கொண்டுவர வேண்டும்.

அப்படியும் மனசு ஆறவில்லை என்றால் அவரை ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று அந்தக் கோட்டையில் ஏற்றிய கொடியைக் காற்றும் வெயிலும் படாமல் அங்கேதான் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.