வவுனியா – இரணைமடு: 5 நிமிடமா, 35 நிமிடமா?

கிளிநொச்சியை அடுத்த வட்டக்கச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கனடாவிலிருந்து அண்ணா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறார். வவுனியாவிலிருந்து இரணைமடுவுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று இணையத்தில் தேடினால் ஒரு தளம் 5 நிமிடம் என்கிறது, இன்னொன்று 35 நிமிடம் என்கிறது. எது சரி? அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், கனநேரம் காலை மடக்கி இருக்க ஏலாது."

முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ரிக்கெற் கிடையாது. இரண்டுமே விமானப்படையின் தளங்கள், இடையில் பயணிகள் சேவை எதுவும் இல்லை. பிறகு எப்படி நேரம் காட்டுகிறது என்றால், அந்தத் தளங்கள் எந்த அட்டவணையையும் பார்ப்பதில்லை, உலகத்தில் உள்ள ஓடுபாதைகளின் அகலக்கோடு நெடுங்கோட்டை வைத்துக்கொண்டு வகுத்தல் கணக்குப் போடுகின்றன, அவ்வளவுதான். நீங்களே போட்டுப் பார்க்கலாம். வவுனியாவுக்கு ஏறத்தாழ நேர் வடக்கே இரணைமடு, இடைவெளி அரைப் பாகைக்குக் கொஞ்சம் மேல். ஒரு பாகை 111 கிலோமீற்றர் என்றால் 60 சொச்சம் வரும். பெரிய ஜெற் விமானத்தின் வேகம் மணிக்கு 800 என்று வகுத்தால் 5 நிமிடம். ஏறி இறங்க அரை மணித்தியாலம் என்று கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் 35. கணக்கில் பிழையில்லை, ஆனால் இந்த ஓடுபாதையில் இறங்கி அந்தத் தூரத்துக்குப் பறக்கிற ஜெற்தான் இல்லை!

செஸ்னா கரவன் போன்ற சிறிய விமானம் ஒன்று பறக்கிறது என்று வையுங்கள். வேகம் மணிக்கு 340 அளவில், 60 கிலோமீற்றருக்கு 11 நிமிடம். அதோடு ஓடுபாதை முனைக்கு உருண்டு போவது, மேலே ஏறுவது, காற்றுக்கு எதிராக இறங்க ஒரு வளையம் சுற்றுவது எல்லாம் சேர்ந்தால் 25 நிமிடத்தைத் தொடும். வாடைக் காற்று முகத்தில் அடித்தாலும் இவ்வளவு தூரத்தில் ஒரு நிமிடம்தான் கூடும். குறுந்தூரத்தில் நேரத்தைத் தின்பது பறப்பு அல்ல, தரைதான்.

நம்பாவிட்டால் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வருகிற சேவையைப் பாருங்கள். நேர்கோட்டில் 355 கிலோமீற்றர். அதில் ஓடுகிற ஏ.ரி.ஆர் என்ற சிறிய சுழலி விமானம் மணிக்கு 500இல் போனால் முக்கால் மணி நேரம் கூட இல்லை, ஆனால் அட்டவணையில் போடுவது ஒன்றேகால் மணி நேரம் அளவில்.

அந்த வழி உங்கள் அண்ணாவுக்கு உதவலாம். பலாலியிலிருந்து கிளிநொச்சிக்குத் தரைவழி 80 கிலோமீற்றர் அளவுதான். ஆனால் தனித்தனி ரிக்கெற் எடுத்தால் சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரும், அப்போது இந்திய விசா தேவைப்படும். சின்ன விமானம் என்பதால் பெட்டியின் நிறையையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், கனடாக்காரர் கொண்டுவருகிற பெட்டிகள் எப்படியென்று தெரியும்தானே.

கொழும்பில் இறங்கினால் வவுனியா தாண்டி வானில்தான் வரவேண்டும், நாலு சில்லு வானில். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏ9 வீதியில் ஏறத்தாழ 75 கிலோமீற்றர். அம்மாவை முன் சீற்றில் இருத்துங்கள். முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்க எப்படியும் இறங்குவீர்கள், ஆனால் அது கிட்டத்தட்ட வீட்டு வாசல், அதற்கு முன்னமே மாங்குளத்தில் ஒருக்கால் நிறுத்தி அவவை நடக்க விடுங்கள்.