டயாலிசிஸ் நேரத்தில் மட்டும் வரும் நடுக்கம்

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. நான்கு மாதங்களாக வலப்பக்கக் கழுத்தில் பொருத்திய பெர்ம்கேத் (நீண்ட நாள் வைக்கும் டயாலிசிஸ் குழாய்) வழியாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. இரண்டு வாரங்களாக, மெஷினில் போட்ட அரை மணி நேரத்தில் உடல் தூக்கிப்போடுகிறது. பாராசிட்டமால் கொடுத்தால் அடங்கிவிடுகிறது. குழாய் இருக்கும் இடம் சுத்தமாகத்தான் இருக்கிறது. வலக்கையும் லேசாக வீங்கியிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் இன்றே சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள். குழாயின் உட்சுவரில் கிருமிகள் மெல்லிய படலமாக ஒட்டி வளர்வதுண்டு. ரத்தம் மெஷினுக்குப் போய்த் திரும்பும்போது அவை பெயர்ந்து உடலுக்குள் பாய்வதால்தான், நடுக்கம் டயாலிசிஸ் நேரத்தில் மட்டும் வருகிறது. தோல் சிவக்காமல், சீழ் இல்லாமல் இருப்பதை வைத்து உள்ளே தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாராசிட்டமால் காய்ச்சலை அடக்கும், கிருமியைத் தொடாது. இரண்டு வாரம் வீணானதற்கு அந்த மாத்திரையும் ஒரு காரணம் என்பேன்.

ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே குழாயிலிருந்தும் கையிலிருந்தும் தனித்தனியாக ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டும். கையில் எடுப்பதைப் புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு மேலுள்ள சிரைகள் பிற்பாடு ஃபிஸ்டுலாவுக்கு (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் அறுவை) தேவைப்படும். அதில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தால் பெரும்பாலும் குழாயை எடுத்துவிடுவார்கள், ஏனெனில் அது இதய வால்வுக்கும் முதுகெலும்புக்கும் பரவக்கூடியது. தந்தைக்குப் புதிதாக முதுகுவலி இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கை வீக்கம் வேறு கதை. குழாய் மாதக்கணக்கில் உரசிக்கொண்டிருக்கும் பெரிய சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், அல்லது சிரையே சுருங்கியிருக்கலாம். முதலில் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். ஆனால் மார்புக்கூட்டுக்குள் இருக்கும் சிரைகளை அது முழுமையாகக் காட்டாது என்பதால், சந்தேகம் தீராவிட்டால் வெனோகிராம் (சிரைக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) தேவைப்படும். சுருக்கத்தைப் பலூனால் விரிக்கலாம், என்றாலும் பலருக்கு அது திரும்ப வருகிறது. இதைப் பார்க்காமல் அதே கையில் ஃபிஸ்டுலா போட்டால் வீக்கம் பல மடங்காகும்.

மெஷின் அடிக்கடி அலாரம் அடித்து, உள்ளே மருந்து தடையின்றிப் போயும் ரத்தம் மட்டும் இழுபடாவிட்டால், குழாயின் நுனியை ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் நார்ப்புரதம்) உறை மூடியிருக்கலாம். குழாயைச் சுற்றி, தோலுக்கடியில் இருக்க வேண்டிய துணிப்பட்டை வெளியே தெரிந்தால் குழாய் நழுவுகிறது என்று பொருள்.

நான்கு மாதமாகியும் ஃபிஸ்டுலா பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. போட்ட பிறகு அது பயன்பாட்டுக்கு வரவே ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும்; ஆகவே தொற்று அடங்கியதும் எந்தக் கையில், எந்தத் தேதியில் என்று மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.