‘போல’ உதிரும் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரேடியோஹெட் குழுவின் ‘ஹவ் டு டிஸ்அப்பியர் கம்ப்ளீட்லி’ என்ற பாடலைச் சில மாதங்களாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். அதன் மைய வரியை ‘நான் இங்கே இல்லை, இது நடக்கவில்லை’ என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். பலர் கூடிப் பேசும் இடத்தில் நானும் பேசிக்கொண்டிருக்கும்போதே, என் வாழ்க்கையை வேறு யாரோ வாழ நான் ஓரமாக நின்று பார்ப்பது போன்ற உணர்வு எனக்கும் வருவதுண்டு. நண்பர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவர், அது பற்றறுத்த நிலை, ஞானத்தின் வாசல் என்றார். இன்னொருவர், அது மனநோயின் அறிகுறி, எழுதியவருக்கு அந்த நோய் இருந்திருக்க வேண்டும் என்றார். இரண்டுமே எனக்கு நிறைவளிக்கவில்லை. இத்தகைய பாடல்களை எப்படிப் பொருள்கொள்வது? எழுதியவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் பொருள் தெளிவாகுமா? என் மொழிபெயர்ப்பை முதல் நண்பர் ‘நான் என்பது இல்லை’ என்று திருத்தினார். எது சரி?

(பெயரைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர்கள் இருவரும் எதிரெதிராகப் பேசுவதாகத் தோன்றினாலும் இருவரும் செய்திருப்பது ஒரே பிழைதான். பாடலில் வரும் ‘நான்’ தன்னைப் பற்றி வாக்குமூலம் அளிக்கிறார் என்று இருவருமே எடுத்துக்கொண்டு, அந்த வாக்குமூலத்தை ஒருவர் ஞானியின் கணக்கிலும் மற்றவர் நோயாளியின் கணக்கிலும் எழுதிவிட்டார்கள். அகப்பாடலில் தலைவி ஆற்றாமல் புலம்பும்போது அதைப் பாடிய புலவரே புலம்புகிறார் என்று நாம் எண்ணுவதில்லை. யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எந்த இடத்தில் நின்று சொல்கிறார் என்று கேட்ட பிறகுதான் பொருளுக்கே வருகிறோம். தொல்காப்பியத்தின் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றோடு ‘முன்னம்’ என்ற ஒன்றும் உண்டு. இந்த இடத்தில் இந்தச் சொல்லை இன்னார் இன்னாருக்குச் சொல்வதே பொருந்தும் என்று கேட்பவர் உய்த்துணரும்படி அமைவது முன்னம். எந்த மொழிப் பாட்டானாலும் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

உங்கள் பாடலில் இந்தத் தேடலுக்கு வியப்பான விடை கிடைக்கிறது. அது ‘கிட் ஏ’ என்ற தொகுப்பில் 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு முந்தைய தொகுப்பு 1997இல் பெற்ற பெருவெற்றிக்குப் பின், ஓயாத இசைப் பயணத்தில் களைத்து நொறுங்கியிருந்த, ‘தாம் யார்க்’ (Thom Yorke) என்ற ரேடியோஹெட் பாடகருக்கு, ஆர்.இ.எம். என்ற இசைக்குழுவின் பாடகர் மைக்கேல் ஸ்டைப் ஒரு யோசனை சொன்னார்: கதவுகளை இழுத்து மூடிக்கொண்டு, ‘நான் இங்கே இல்லை, இது நடக்கவில்லை’ என்று உனக்குள் சொல்லிக்கொள். ரேடியோஹெட் பாடகரே இதைப் பேட்டிகளில் கூறியிருக்கிறார். ஆகவே நீங்கள் எழுதி வைத்திருக்கும் வரி பாடலுக்குள் வருவதற்கு முன்பே ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கியம். அதைச் சொல்லிக்கொள்பவர் தன் நிலையை விவரிக்கவில்லை. தாங்க முடியாத ஓரிடத்தில் தொடர்ந்து நிற்பதற்காக ஒரு கருவியைக் கையில் எடுக்கிறார். இதை ஏற்றுக்கொண்டால் முதல் நண்பரின் விளக்கம் நிற்காது. உண்மையாகவே பற்று நீங்கியவருக்குத் தான் இங்கே இல்லை என்று மீண்டும் மீண்டும் தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய தேவை என்ன? முழுக்க இங்கே இருப்பவருக்குத்தான், இருப்பது வலிப்பவருக்குத்தான், அந்த வாக்கியம் தேவைப்படுகிறது.

இசையும் இதையே சொல்வதாக எனக்குத் தோன்றுகிறது. பாடலின் இறுதியில் தந்தி வாத்தியங்கள் பெரும் திரளாக எழுந்து மோதுகின்றன. சொற்கள் முடிந்துவிடுகின்றன, ஆனால் குரல் முடிவதில்லை. சொல்லற்ற நீண்ட அழைப்பாக அது அந்தத் திரளுக்கு மேல் மிதந்துகொண்டே இருக்கிறது. இல்லை என்று சொன்ன வாக்கியம் ஓய்ந்த பின்னும் அதைச் சொன்ன குரல் அங்கேயே இருக்கிறது. பாடல் வரிகளைத் தாளில் எழுதி வைத்துப் பொருள் தேடுபவர்கள், நீங்களும் நானும் உட்பட, தவறவிடுவது பெரும்பாலும் இத்தகைய இடங்களைத்தான்.

எழுதியவரின் வாழ்க்கை தெரிந்தால் பொருள் தெளிவாகுமா என்று கேட்டிருந்தீர்கள். மேலே நானே அதைப் பயன்படுத்தியிருப்பதால் பயன் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வாழ்க்கைச் செய்தி பாடலின் வாயிலைக் காட்டுமே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘கம்ஃபர்டப்ளி நம்’ இதற்கு நல்ல சான்று. 1979இல் வெளிவந்த அந்தப் பாடலைப் போதைப் பாடல் என்றே பலரும் நம்புகிறார்கள். அதன் வரிகளை எழுதிய ராஜர் வாட்டர்ஸ், 1977இல் பிலடெல்பியாவில் ஒரு நிகழ்ச்சிக்கு முன் வயிற்று வலிக்காகத் தமக்கு மருத்துவர் ஒருவர் ஊசி போட்டதையும், உடல் மரத்த நிலையிலேயே தாம் மேடையேறியதையும் நினைவுகூர்ந்திருக்கிறார். செய்தி சுவையானதுதான். ஆனால் பாடலில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன என்பதை அந்தச் செய்தி சொல்வதில்லை. நலம் விசாரித்துக்கொண்டே ஊசியைத் தயார் செய்யும் மருத்துவராக வாட்டர்ஸ் பாடும் பகுதி, மேற்கத்திய இசையில் இருண்டு ஒலிக்கும் மைனர் சாயலில் நகர்கிறது. மரத்துப்போனவராக டேவிட் கில்மோர் பாடும் பகுதி மேஜர் சாயலுக்கு மாறி ஒளிபெற்று விரிகிறது. அதாவது, விழிப்புக்கு அழைக்கும் குரல் கசப்பாகவும் மரத்துப்போதல் இனிமையாகவும் இசையமைக்கப்பட்டிருக்கின்றன. இளமையில் நானும் இந்த இனிமையில் மயங்கி அதைத் துறவுப் பாட்டாகவே கேட்டு வந்தேன். அந்த இனிமைதான் பாடல் சுட்டும் ஆபத்து என்பது எனக்கு மிகப் பிந்தியே விளங்கியது.

இப்போது இரண்டாவது நண்பருக்கு வருகிறேன். அவர் மனதில் வைத்திருக்கும் நிலைக்கு மருத்துவத்தில் ‘டீபர்சனலைசேஷன்’ என்று பெயர்; தன்னிடமிருந்தே தான் விலகி நிற்பதாக உணர்தல் என்று விளக்கலாம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் லுடோவிக் டுகா 1898இல் இச்சொல்லை உளவியலுக்குள் கொண்டுவந்தபோது, அதை ஸ்விட்சர்லாந்தின் ஹென்றி ஃப்ரெடெரிக் அமியேல் எழுதிய நாட்குறிப்பிலிருந்து எடுத்துக்கொண்டார். இன்று மருத்துவர் பயன்படுத்தும் சொல் முதலில் ஓர் எழுத்தாளர் தன்னைப் பற்றி எழுதிய சொல். நோய்ப்பெயர் சொன்னவுடன் இலக்கியப் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இதை நினைவூட்டுவது எனக்கு வழக்கம்.

அந்த நிலையின் மருத்துவ விளக்கத்தில் பாடல் வாசிப்புக்கு மிகவும் உதவக்கூடிய ஒரு கூறு இருக்கிறது. உலகம் கனவு போல, உடல் பிறருடையது போல, தன்னைத் தானே வெளியிலிருந்து பார்ப்பது போல அந்த நிலையில் இருப்பவருக்குத் தோன்றும். ஆனால் அது தோற்றமே என்ற அறிவு அவரை விட்டு நீங்காது. அதனால் அவர் பேச்சில் ‘போல’ என்ற உருபு விடாமல் வரும். உங்கள் கடிதத்திலும் ‘ஓரமாக நின்று பார்ப்பது போன்ற உணர்வு’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். பாடல் செய்வது அந்த உருபைக் களைவது. உவமையும் பொருளும் வேற்றுமை நீங்கி ஒன்றாக்கப்படும்போது அது உருவகமாகிவிடுகிறது என்கிறது தண்டியலங்காரம். ‘இல்லாதது போல இருக்கிறேன்’ என்பது மருத்துவரிடம் சொல்லக்கூடியது. ‘நான் இங்கே இல்லை’ என்பது பாடக்கூடியது. ‘கம்ஃபர்டப்ளி நம்’ பாடலில் இந்த மாற்றம் நம் காதருகிலேயே நடக்கிறது. சிறுவயதுக் காய்ச்சலில் தன் கைகள் பலூன்களைப் போல உப்பியதாக அந்த மரத்துப்போனவர் நினைவுகூரும் இடத்தில் ‘போல’ இருக்கிறது. அடுத்து, தான் மரத்துப்போய்விட்டதாக அறிவிக்கும் இடத்தில் அது இல்லை. அந்த ஓர் உருபின் இழப்பில்தான் அவர் எவ்வளவு தூரம் போய்விட்டார் என்பது தெரிகிறது. வரிகளில் விலகலைத் தேடுபவர்கள் பெரிய படிமங்களைத் தேடுகிறார்கள். நான் இத்தகைய சிற்றுருபுகளைத் தேடச் சொல்வேன்.

கேட்போர் யார் என்பதும் பொருளை மாற்றும். டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ பாடலில் (1980) தன் வீடும் மனைவியும் தன்னுடையவை அல்ல என்று திகைக்கும் நிலை ‘நான்’ என்று தொடங்குவதில்லை. ‘நீ’ என்று நம்மை நோக்கித் தொடங்குகிறது. வானொலிச் சமயப் பிரசங்கிகளின் பேச்சுத் தொனியிலிருந்து டேவிட் பைர்ன் அதை உருவாக்கினார். அங்கே விலகல் ஒரு தனி மனிதரின் துயரம் என்ற நிலையிலிருந்து, கூட்டத்தில் இருக்கும் யார் தோளிலும் வந்து விழக்கூடிய குற்றச்சாட்டாகிவிடுகிறது.

உங்களைப் பற்றி ஒரு சொல். பாடலில் ‘போல’ உதிர்வது கலை. வாழ்வில் அந்த உணர்வு மாதக்கணக்கில் நீடித்து, உறக்கத்தையும் வேலையையும் நெருக்கமானவர்களோடு இருப்பதையும் கெடுக்கிறது என்றால் அதை ஒரு மனநல மருத்துவரிடம் இதே தெளிவோடு சொல்லுங்கள். களைப்பு, உறக்கமின்மை, கடும் பதற்றம் ஆகியவற்றின் போது சிறிது நேரம் வந்து போவது பலருக்கும் நேர்வதுதான், நீடிப்பது வேறு. இதை என் வாசிப்பிலிருந்து நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

கடைசியாக, மொழிபெயர்ப்பு. நண்பரின் ‘நான் என்பது இல்லை’ அழகாக ஒலிக்கிறது, ஆனால் அது வேதாந்தம். அதில் திரும்பி வர இடமே இல்லை. உங்கள் வரியின் ‘இங்கே’ என்ற சொல் இல்லாமையை ஓரிடத்தோடு மட்டும் கட்டிப்போடுகிறது. அதை நண்பரிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் இரண்டாவது பாதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் ‘நடக்கவில்லை’ என்பது இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் பொதுவானது. கேட்பவர், முன்பு நடந்த ஒன்றை இவர் மறுக்கிறார் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். மூலத்தில் இருப்பது கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கும்போதே சொல்லும் மறுப்பு. ‘நடந்துகொண்டிருக்கவில்லை’ என்று நீட்டினால் யாரும் தனக்குள் முணுமுணுக்க முடியாது. ஆகவே ‘நான் இங்கே இல்லை, இப்போது இது நடக்கவில்லை’ என்று எழுதிப் பாருங்கள். ‘இப்போது’ என்ற சொல் மூலத்தில் இல்லை. மூலத்தின் வினைமுற்றில் இருக்கிறது.