மினி ஸ்ட்ரோக் வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

அப்பாவுக்கு 62 வயது, போன வருஷம் வலது கை இருபது நிமிஷம் தூக்க முடியாமல் போய்த் தானாகவே சரியாகிவிட்டது, இன்னும் மாத்திரை தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். குடியாத்தத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை, ஆனால் இந்தச் சீட்டுகளைத் தினமும் பார்க்கிறவன்.

நீங்களாக நிறுத்தாதீர்கள். முதல் சில வாரங்களில்தான் ஆபத்து உச்சம், அது சரி. ஆனால் அதோடு தீர்வதில்லை. மினி ஸ்ட்ரோக்கோ லேசான பக்கவாதமோ வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கணக்கைத் திரட்டி 2025இல் ஓர் ஆய்வு வந்தது. முதல் வருஷத்தில் நூற்றுக்கு 6 பேருக்கு மறுபடி பக்கவாதம். அது 5 வருஷத்தில் 13, பத்து வருஷத்தில் 20 என்று ஏறிக்கொண்டே போகிறது.

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் தடுமாறுவது ஓர் இடத்தில்தான். ஆரம்பத்தில் ரத்தக்கட்டு வராமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டையும் எழுதுவார்கள். ரத்தக்கசிவு வரக்கூடும் என்பதால் பலருக்கு 21 நாளில் ஒன்றை டாக்டரே நிறுத்திவிடுவார். உடனே வீட்டில், "ஒண்ணை நிறுத்திட்டாரு, அப்போ குணமாயிடுச்சு" என்று மற்றதையும் விட்டுவிடுவார்கள். கைதான் நன்றாக இருக்கிறதே!

அப்பாவின் ஃபைலை எடுத்து, எதனால் வந்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். நீண்ட கால ஆபத்தை அதுதான் பெரிதும் தீர்மானிக்கிறது. கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்களா? பாதிக்கு மேல் அடைப்பு இருந்தால் சிலருக்கு ஆபரேஷன் தேவைப்படும். இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் விட்டுவிட்டு வருவது, ஒரே ஈசிஜியில் சிக்காமல் போகலாம். அதற்குத்தான் 24 மணி நேரமும் துடிப்பைப் பதிகிற ஹோல்டர் கருவி. அந்தத் துடிப்புக் கோளாறு இருந்தால் ஆஸ்பிரின் போதாது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு வகை மாத்திரை வேண்டும்.

அடுத்தது பிபி. பொதுவாக 130/80க்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். சுகர், கொலஸ்ட்ரால் எல்லாம் அதற்குப் பிறகுதான் என்பேன். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பதிந்துகொள்ளுங்கள். மூட்டுவலிக்குச் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரை பிபியை ஏற்றிவிடும். கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினால் என்மேல்தான் கோபம். பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு நிற்க வேண்டும்.

மறுபடி வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ, போன தடவை மாதிரி சரியாகிவிடும் என்று உட்கார வேண்டாம். மணியைக் குறித்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். வேலூர் சிஎம்சியோ அடுக்கம்பாறை ஜிஹெச்சோ, எங்கே போனாலும் முதலில் கேட்பது எப்போது ஆரம்பித்தது என்றுதான். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.