தண்ணியில ஓட்டோ ஓடுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2022ல பெற்றோல் செட்டுக்கு முன்னால இரவு பகலா வரிசையில கிடந்த ஆக்கள்ல நானும் ஒரு ஆள். இப்ப ஒருத்தர் வந்து தண்ணியில ஓடுற கிட் ஒண்டு காட்டுறாரு, ஒரு போத்தல், உள்ளுக்கு தகடு, பற்றரியில இருந்து ரெண்டு வயர், குமிழி வருது, அந்தக் காத்து குழாயால எஞ்சினுக்குப் போகுது, பெற்றோல் பாதி மிச்சமாம். வாங்கலாமா?
(ஓட்டோ சாரதி, களுவாஞ்சிக்குடி)

பதில்: வாங்காதீங்க தம்பி. அந்தக் காச பிள்ளைகளுக்கு வையுங்க. அவர் காட்டுற குமிழி உண்மையான குமிழிதான், அதுலதான் ஆக்கள் ஏமாறுறது. தண்ணிக்குள்ள கரண்ட விட்டா ஹைட்ரஜனும் ஒட்சிசனும் பிரிஞ்சு வரும், ஹைட்ரஜன் நல்லா எரியும், இதெல்லாம் பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். ஆனா தண்ணி எண்டது ஏற்கனவே எரிஞ்சு முடிஞ்ச ஹைட்ரஜன், அடுப்புச் சாம்பல் மாதிரி. அத திரும்ப விறகாக்க வேணுமெண்டா எரியக்குள்ள வந்த சக்திய முழுசா திருப்பிக் குடுக்கணும், அதுக்கு மேலயும் கொஞ்சம் குடுக்கணும்.

கணக்க பாருங்க. கரண்ட் பில்லில வாற யூனிட்டிலேயே சொல்றன். ஒரு கிலோ ஹைட்ரஜன எரிச்சா கிடைக்கிறது கிட்டத்தட்ட 33 யூனிட், அந்த ஒரு கிலோவ தண்ணியில இருந்து பிரிக்க பெரிய தொழிற்சாலை மெஷினுக்கே 50 யூனிட்டுக்கு மேல போகுது. ஒங்கட ஓட்டோவுல அந்தக் கரண்ட் எங்க இருந்து வருது? பற்றரி. பற்றரிய சார்ஜ் பண்றது எஞ்சின், எஞ்சின ஓட்டுறது பெற்றோல். அப்ப பெற்றோல எரிச்சு கரண்ட் எடுத்து, கரண்டால தண்ணியப் பிரிச்சு, அதத் திரும்ப எரிச்சா ஒவ்வொரு படியிலயும் நட்டம்தானே, மிச்சம் எங்கால வரும்? கிட் பூட்டினவங்க சிலர் மைலேஜ் கூடிட்டு எண்டு சத்தியம் பண்ணுவாங்க, பொய் சொல்ற ஆக்களில்ல, காசு குடுத்துப் பூட்டின பிறகு மனுசன் மெதுவா, கவனமா ஓடுவான், கூடவே கராஜில டியூனும் பண்ணியிருப்பாங்க, அந்த மிச்சம்தான் அது.

ஆபத்தும் இரிக்கு. குமிழி கூட வாறதுக்கு அந்தத் தண்ணிக்குள்ள கோஸ்டிக் சோடா மாதிரி காரம் கலப்பாங்க, கண்ணுல பட்டா கண்ணே போயிரும். ஹைட்ரஜனும் ஒட்சிசனும் சேர்ந்து போத்தலுக்குள்ள நிண்டா ஒரு சின்னப் பொறி போதும், வெடிச்சிரும். பின் சீற்றுல பள்ளிக்கூடப் பிள்ளைகள ஏத்துற ஓட்டோவுல இத எப்பிடித் துணிஞ்சு பூட்டுறது?

இந்தக் கதை புதுசுமில்ல. அமெரிக்காவுல ஸ்டான்லி மேயர் எண்டவர் தண்ணியில கார் ஓடும் எண்டு சொல்லி காசு வாங்கினாரு, 1996ல ஒஹாயோ கோர்ட் அத அப்பட்டமான மோசடி எண்டு தீர்ப்புச் சொல்லி காச திருப்பிக் குடுக்க வைச்சது. அதே 1996ல தமிழ்நாட்டுல ராமர் பிள்ளை மூலிகை பெற்றோல் எண்டு வந்தாரு, பேப்பரெல்லாம் கொண்டாடிச்சு, கடைசியா 2016ல சென்னை கோர்ட் 3 வருஷ சிறை விதிச்சது. 2012ல பாகிஸ்தான்ல ஒருத்தர் தண்ணிக் கிட்டோட டிவியில வந்தாரு, அமைச்சர்மாரே நம்பினாங்க. எரிபொருள் விலை ஏறி சனம் கஷ்டப்படுற நேரமாப் பாத்து இது வாறதுதான் எனக்கு சரியான கோவம்.

கேள்வி: எலக்ட்ரிக் மோட்டர்சைக்கிள்ல பின் சில்லுல ஒரு டைனமோவ பூட்டினா ஓட ஓட பற்றரி சார்ஜ் ஆகும்தானே? காந்தத்தாலயே சுத்துற மோட்டர் வீடியோவும் பாத்தன்.
(உயர்தர மாணவி, கல்முனை)

பதில்: டைனமோ கரண்ட் குடுக்கக்குள்ள சில்ல பின்னுக்கு இழுக்கும் மகள். அந்த இழுவைய வெல்ல மோட்டர் கூடக் கரண்ட் எடுக்கும், எடுக்கிறதுலயும் குறைவாத்தான் திரும்ப வரும். பிரேக் பிடிக்கக்குள்ள மட்டும் இது பிரயோசனம், சூடா வீணாப் போற சக்தியில ஒரு பங்கு பற்றரிக்கு வரும், எலக்ட்ரிக் கார்கள்ல இப்ப அது இரிக்கு. காந்தம் இழுக்கும், தள்ளும், ஆனா ஒரு சுத்து சுத்தி பழைய இடத்துக்கே வந்தா இழுத்ததும் தள்ளினதும் கழிஞ்சு கடைசியில பூச்சியம். வீடியோவுல சுத்துறதுக்கு அடியில எங்கயாவது ஒரு பற்றரி ஒளிஞ்சிருக்கும். இப்பிடித் தானா ஓடுற மெஷின் எண்டு வாற ஒண்டையும் இனிப் பாக்க மாட்டம் எண்டு பாரிஸ் அறிவியல் கழகம் 1775லயே முடிவெடுத்திட்டு.

கேள்வி: அப்ப வெயில்? நம்மட பக்கம் வெயிலுக்கு குறைவில்ல. ஓட்டோ கூரையில சோலார் போட்டா காணுமா?
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: இதுதான் நல்ல கேள்வி. உச்சி வெயில் ஒரு சதுர மீற்றருக்கு சுமார் 1000 வாட், அதுல பனல் பிடிக்கிறது ஐஞ்சுல ஒண்டு. ஓட்டோ கூரைய 2 சதுர மீற்றர் எண்டு வைச்சா 400 வாட், தூசி, சூடு, மர நிழல் எல்லாம் கழிச்சு நாளைக்கு ஒண்டரை யூனிட் வந்தா பெரிய விசயம். எலக்ட்ரிக் ஓட்டோவுக்கு 100 கிலோமீற்றருக்கு சுமார் 7 யூனிட் வேணும், அப்ப கூரை வெயிலால 20 கிலோமீற்றர் ஓடலாம், ஒரு நாள் ஹயருக்கு அது காணாது. ஆனா அதே பனல வீட்டுக் கூரையில போடுங்க. 2 கிலோவாட் போட்டா நாளைக்கு ஏறக்குறைய 8 யூனிட், நெட் மீற்றரிங் இருந்தா பகல்ல லைனுக்குக் குடுத்திட்டு இரவைக்கு எடுத்து சார்ஜ் பண்ணலாம். மாரியில, கார்த்திகை மார்கழியில குறையும், அதையும் கணக்குல வையுங்க. அவுஸ்திரேலியாவுல 1987ல இருந்து டார்வின்ல வெளிக்கிட்டு அடிலெய்ட் வரைக்கும் 3000 கிலோமீற்றர் வெயில்லயே ஓடுற கார்ப் பந்தயம் நடக்குது, ஆனா அந்தக் கார்கள் பாரமில்லாம, தட்டையா, அந்தப் பந்தயத்துக்கெண்டே செஞ்சது, அரிசி மூட்டை ஏத்த ஏலாது.

பழைய பெற்றோல் ஓட்டோவ எலக்ட்ரிக்குக்கு மாத்த யோசிக்கிறவங்க முதல்ல மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல பதிவு மாத்துறதப் பத்திக் கேளுங்க, இல்லாட்டி இன்சூரன்ஸுல பிரச்சினை வரும்.

கேள்வி: காத்துல ஓடுற கார் வந்திட்டாமே?
(கடை உரிமையாளர், காத்தான்குடி)

பதில்: அழுத்தி அடைச்ச காத்து அது. 2007ல இந்தியாவுட டாடா கம்பனி அந்தக் கார செய்ய பிரான்ஸ்ல எம்.டி.ஐ. எண்ட கம்பனியோட ஒப்பந்தம் போட்டது, ஷோரூமுக்கு ஒரு காரும் வரல்ல. காத்த அடைக்க கம்ப்ரஸர் ஓடணும், அதுக்கும் கரண்ட்தான், அடைக்கக்குள்ள பாதிக்கு மேல சூடாப் போயிரும், அந்தக் கரண்ட நேரா பற்றரிக்கு குடுத்தா கூடத் தூரம் ஓடலாம்.