பாதாளச் சாக்கடையில் மழைநீர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மழை வலுத்தால் எங்கள் தரைத்தளக் கழிவறையில் சாக்கடை நீர் எதிர்த்து ஏறுகிறது. மழைநீருக்குத் தனி வடிகால் இருந்தும் இப்படி நேர்வது ஏன்? பெரிய குழாய் பதித்தால் சரியாகுமா?

பதில்: பெரிய குழாயைப் பற்றி யோசிக்கும் முன், இருக்கும் குழாய்க்குள் வரக்கூடாத நீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டறிய வேண்டும். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் நீர் சேரும். ஒருவர் நாளொன்றுக்கு 125 லிட்டர் கழிவுநீர் வெளியேற்றுவதாகக் கொண்டால், இது நாற்பது பேரின் ஒரு நாள் கழிவுநீருக்குச் சமம். மாடிநீர்க் குழாயைக் கழிவுநீர் இணைப்பில் சேர்த்துவிட்ட வீடுகள் ஒரு தெருவில் பத்து இருந்தாலே, தாழ்வான வீடுகளில் நீர் எதிர்த்து ஏறுவதில் வியப்பில்லை. உங்கள் மாடிக் குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் தயவுசெய்து பாருங்கள்.

மழை தொடங்கிய சிறிது நேரத்தில் குழாய் நிரம்பி, மழை நின்றதும் வடிந்துவிட்டால், நீர் மேலிருந்து நேரடியாகப் புகுகிறது என்று பொருள்: மாடிக் குழாய்கள், முற்றத்து வடிகால்கள், தெருமட்டத்துக்குத் தாழ்ந்த மேன்ஹோல் மூடிகள் ஆகியவையே வழி. மழை ஓய்ந்து பல நாள் ஆன பின்பும் வரத்து குறையாவிட்டால், உயர்ந்துவிட்ட நிலத்தடி நீர் குழாய் இணைப்புகளிலும் விரிசல்களிலும் ஊறி வருகிறது. ஊரெல்லாம் உறங்கும் அதிகாலை மூன்று மணிக்கு மேன்ஹோலைத் திறக்கும்போது அடியில் தெளிந்த நீர் சளசளவென்று ஓடினால், அதில் பெரும்பகுதி எந்த வீட்டிலிருந்தும் வந்ததன்று. அந்நீர் நுண்மணலையும் சேர்த்து இழுத்து வருவதால், குழாயைச் சுற்றி மண் கரைந்து, ஒரு நாள் சாலையே உள்வாங்கும் அபாயமும் உண்டு.

நேரடியாகப் புகும் வழிகளைக் கண்டறியப் புகைச் சோதனை எளிய முறை. மேன்ஹோல் வழியாகக் காற்றாடியால் தீங்கற்ற புகையைச் செலுத்தினால், தவறாக இணைக்கப்பட்ட மாடிக் குழாயின் வாயில் அது வெண்மையாகச் சுருண்டு எழும். வீட்டுக்குள் புகை வந்தால், நீர் நிற்க வேண்டிய குழாய் வளைவு வறண்டிருக்கிறது என்று அறியலாம். நிலத்தடிக் கசிவுக்குக் கேமராவை உள்ளே ஓட்டிப் பார்க்க வேண்டும். இணைப்பு இடுக்கில் மரவேர்கள் சடைபோல் தொங்குவதை அதில் காணலாம்.

இந்த வழிகளைக் கண்டறிந்து அடைக்கும் வரை, எதிர்நீரைத் தடுக்கும் வால்வு பொருத்தலாம். ஆனால் அது மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுக் கழிவுநீரும் வெளியேறாது.

கேள்வி: எங்கள் தெருவின் பிரதானக் குழாயைத் தோண்டாமலே உள்ளுறை போட்டுச் சரிசெய்தார்கள். ஆனாலும் நீர் வரத்து அவ்வளவாகக் குறையவில்லை. வேலை சரியில்லையா?

பதில்: வேலையைக் குறைசொல்ல அவசரப்பட வேண்டாம். பிசின் ஊறிய துணிக்குழலைப் பழைய குழாய்க்குள் செலுத்தி இறுகச் செய்யும் இம்முறை 1971-இல் லண்டனில் எரிக் வுட் என்பவரால் முதன்முதலில் கையாளப்பட்டது. முறையாகச் செய்தால் நெடுங்காலம் நிற்கும். குறை பெரும்பாலும் வேலையின் எல்லையில்தான். பிரதானக் குழாயின் ஓட்டைகளை அடைத்தால், அதுவரை அவற்றில் வடிந்த நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்து, சற்று மேலே உள்ள வீட்டு இணைப்புக் குழாய்களின் விரிசல்களையும் மேன்ஹோல் சுவர்களையும் தேடிச் செல்கிறது. இணைப்புக் குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு என்று விட்டுவிடும் இடங்களில் இந்த ஏமாற்றம் அடிக்கடி நேர்கிறது. பிரதானக் குழாய், மேன்ஹோல், வீட்டு இணைப்பு மூன்றையும் ஒரு பகுதிக்கு ஒருசேரச் செய்வதே என் உறுதியான பரிந்துரை. சீரமைப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை ஒப்பிடும்போது, மழையளவும் நிலத்தடி நீர்மட்டமும் ஏறக்குறைய ஒத்திருந்த நாள்களையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வறண்ட மாதத்து அளவை மழை மாதத்து அளவோடு வைத்துப் பார்த்தால், எந்த வேலையும் வெற்றியாகத் தோன்றும் அல்லது வீணாகத் தோன்றும்.